இடது பக்கக் கண்ணாடி

கீழே போன கண்ணாடி மேலே வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. காலையில் பிசியோதெரபி முடிந்து திரும்பும்போது இவர் இடது கையால் பொத்தானை அமுக்கிக் கண்ணாடியை இறக்கினார், முகத்தைக் காற்றுக்குக் காட்டினார், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி "ஏத்துங்க" என்றேன், அமுக்கினார், ஏறவில்லை. என் பக்கம் இருக்கிற பொத்தானை நான் அமுக்கினேன், அதற்கும் ஏறவில்லை. இப்போது மணி மூன்று. மேற்கே மலைக்கு மேல் மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது, ஐப்பசி மேகம், ஐந்து மணிக்குள் கொட்டிவிடும், வண்டி நிற்பதோ வாசலில் வெட்டவெளியில். மழை பெய்தால் பெய்யட்டும், நனைந்த சீட்டைத் துடைத்துக்கொள்ளலாம். நாளைக் காலை ஏழு மணிக்கு இதே சீட்டில் இவரை உட்காரவைத்து உடுமலையிலிருந்து கோயமுத்தூருக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டவேண்டும். உரச்சாக்கைக் கிழித்து ஒட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். லாரிக்குப் பின்னால் போகும்போது அது படபடவென்று இவர் முகத்தில் அடிக்கும், இவர் கையால் பிய்த்து எறிவார். வாடகைக்கு வேறு கார் பேசலாம். அதிலே ஏறமாட்டார். மூன்று தடவை பேசி, மூன்று தடவையும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார், டிரைவர் பாவம் என்னைப் பார்க்கிறான், நான் டிரைவரைப் பார்க்கிறேன். இந்த வண்டி என்றால் ஏறுவார். பின்னால் நீளமாக இழுத்துவிட்ட மாதிரி இருக்கும் இந்த ஸ்டேஷன் வேகனை, பத்தொன்பது வருசக் கிழட்டு வண்டியை, தெருவில் எல்லோரும் ஆம்புலன்ஸ் என்பார்கள். வேலை பார்த்த மில்லில் மோட்டாரைக் கழற்றினால் அப்படியே பின்னால் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இப்போது பின்னால் கிடப்பது மடக்கிய சக்கர நாற்காலி. அது மோட்டாரை விட லேசுதான், ஆனால் தூக்கி வைத்து இறக்கி என் மணிக்கட்டு போய்விட்டது. ராத்திரி சோறு பிசையும்போது சுள்ளென்கிறது.

தாஜுதீனுக்குப் போன் பண்ணினேன். ரெண்டு தெரு தள்ளி ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறவர், இவருக்குச் சிநேகிதர். பழனியில் ஏதோ கல்யாணத்தில் இருக்கிறார், மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார். "அக்கா, ஃபியூஸைப் பாருங்க மொதல்ல. சரியா இருந்தா கதவைக் கையால நல்லாத் தட்டிக்கிட்டே பொத்தானை அமுக்கிப் பாருங்க, சில சமயம் மோட்டார் முழிச்சுக்கும். அதுக்கும் கேக்கலைன்னா திங்கக்கிழமை கொண்டாங்க, கதவைப் பிரிச்சுப் பாத்துரலாம்." திங்கட்கிழமை. திங்கட்கிழமை இவர் இங்கே இருக்கமாட்டார் என்று தாஜுதீனிடம் எப்படிச் சொல்வது. யாரிடமும் சொல்லவில்லை. கவினும் நானும்தான். கவின் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து நேரே கோயமுத்தூருக்கு வந்துவிடுவான். என் மகன்தான் இடத்தைத் தேடினான், போட்டோ அனுப்பினான், மரங்கள், வரிசையாகக் கட்டில்கள், கைப்பிடி வைத்த நடைபாதை. "மூணு மாசம்மா. தினமும் எக்சர்சைஸ், பேச்சுக்குத் தனியா ஆள். நீ ஒருத்தியா வீட்டுல இதெல்லாம் பண்ண முடியாதும்மா. அப்பாகிட்ட இப்பச் சொல்லாத. அங்க போனதும் நான் பேசிக்கறேன்." சரி கண்ணு என்றேன். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினேன், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் புரிந்திருக்குமா. புரியும் என்கிறாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். அவர் சொல்றதை விட அதிகமா அவருக்குப் புரியுதும்மா என்கிறாள். அந்தப் பெண் அட்டையைக் காட்டுகிறாள், வாழைப்பழப் படம், இது என்னங்கய்யா. இவர் "அதான்" என்கிறார். செருப்புப் படம். "அதான்." கவின் படத்தை நானே எடுத்துக்கொண்டு போய்க் காட்டச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார், வாயைக் கூட்டினார், நெற்றியில் வியர்த்துவிட்டது. "அதான்."

எட்டு மாதமாக இந்த வீட்டில் இருக்கிற ஒரே வார்த்தை அது. பங்குனியில் ஒரு காலை ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார், வலது கை, வலது கால், வாய், மூன்றும் ஒரே நேரத்தில். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்து என்னைப் பார்த்து அதான் என்றார், அன்றிலிருந்து அதான். பசித்தால் ஒரு அதான், பாத்ரூம் போகவேண்டும் என்றால் அவசரமாக ரெண்டு, டிவியில் செய்தி ஓடும்போது இழுத்து ஒன்று. எனக்கு எல்லாம் அர்த்தம் ஆகிவிடுகிறது. இல்லை, அர்த்தம் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன். நேற்று சட்னி காரம் என்று நினைத்துத் தயிர் ஊற்றினேன், தட்டைத் தள்ளிவிட்டார், வேறு என்னவோ சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சொன்னால் தாஜுதீன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது, யாரிடமும் சொல்லாதது. இந்த எட்டு மாதம் வீடு அமைதியாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது. முதல் மாதம் தெரியவில்லை, ஓட்டமும் அழுகையுமாகப் போய்விட்டது. ரெண்டாம் மாதம் ஒரு நாள் மிக்ஸியின் மூடியைத் தப்பாக வைத்துவிட்டேன், தேங்காய் சுவரெல்லாம் தெறித்தது, தோள் ரெண்டையும் குறுக்கிக்கொண்டு நின்றேன், இவரிடமிருந்து வரப்போகிற சத்தத்துக்கு. ஒன்றும் வரவில்லை. கூடத்தில் இவர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துணியை எடுத்து மெதுவாகச் சுவரைத் துடைத்தேன். அவ்வளவு மெதுவாக என் வீட்டில் நான் எதையும் துடைத்ததே இல்லை. துடைத்து முடித்த பிறகுதான் நான் எவ்வளவு கெட்டவள் என்று தோன்றியது. அதிலிருந்து தினமும் தோன்றுகிறது. தோன்றித் தோன்றி அதுவும் ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது, குளிப்பாட்டுகிற மாதிரி, மருந்துப் பெட்டியை நிரப்புகிற மாதிரி.

ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. அது எனக்குத் தெரியும். எனக்கு நிறையத் தெரியும், அது இவருக்குத் தெரியாது. முப்பத்தொரு வருசம் டார்ச் பிடித்திருக்கிறேன். இவர் எதைப் பிரித்தாலும் நான் பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டவேண்டும், கிணற்று மோட்டார், கிரைண்டர், இந்த வண்டி. வெளிச்சத்தை இங்க காட்டு புள்ள, மூஞ்சிக்கா காட்டறே. அறிவிருக்கா என்பார். டார்ச் பிடிக்கிறவள் சும்மாவா நிற்பாள், பார்த்துக்கொண்டுதானே நிற்பாள். எது எர்த், எது சுருள், மோட்டாருக்குள் கரி தேய்ந்தால் என்ன வாசம் வரும், எல்லாம் பார்த்தேன். வண்டி ஓட்டவும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார், நாலாம் நாள் தாராபுரம் ரோட்டில் நடுவில் நிறுத்தி இறங்கிவிட்டேன், இனி ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று. அப்புறம் இந்த வைகாசியில், ஐம்பத்தாறு வயதில், டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். அங்கே சொல்லிக்கொடுத்த பெண் அதட்டவே இல்லை. பத்தே நாள்.

கீழே குனிந்தால் இருட்டாக இருக்கிறது. போன் டார்ச்சைப் போட்டுப் பல்லில் கடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் வாசல் பக்கமிருந்து அந்தச் சத்தம், டக், இழுப்பு, டக், நாலு கால் ஊன்றுகோலின் சத்தம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வந்தேன், எழுந்து வருகிறார். "ஏனுங்க, உக்காருங்க. ஆரும் உங்களைக் கூப்புடலை." வருகிறார். வாசல் தரையில் ஒரு மேடு இருக்கிறது, அங்கே ஊன்றுகோல் தடுக்கும், விழுந்தால் இடுப்பு, இடுப்பு போனால் கட்டில், கட்டில் என்றால் முதுகில் புண். இவர் விழுகிறதுக்கு முன்னாலேயே என் மனசில் எல்லாம் விழுந்து முடிந்துவிடும். இவர் விழுந்து, நான் தூக்கப் போய் நானும் விழுந்து, ரெண்டு பேரும் தரையில் கிடக்கிறோம், பால்காரன் மறுநாள் காலையில் பார்க்கிறான். இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்தேன். வந்து கதவில் சாய்ந்துகொண்டு இடது கையை நீட்டினார். போனைக் கேட்கிறார். கொடுத்தேன். டார்ச்சை ஃபியூஸ் பெட்டிப் பக்கம் பிடித்தார். வெளிச்சம் பெடலுக்குப் போகிறது, என் காதுக்குப் போகிறது, நேரே கண்ணுக்குள் வந்து நிற்கிறது. "மூஞ்சிக்கா காட்டறீங்க!" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இவர் என்னைச் சொல்லுகிற அதே வார்த்தை. இவர் மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டார். என்ன சத்தம் என்று நிமிர்ந்து பார்த்தால் சிரிக்கிறார். பாதி முகம்தான் சிரிக்கிறது, இடது பாதி. எட்டு மாதத்தில் சிரித்துப் பார்க்கவில்லை. நானும் சிரித்திருப்பேன், ஆனால் சிரிக்கத் தொடங்கினால் நாளை ஏழு மணி என்பது உள்ளே எங்கேயோ இடிக்கிறது. மறுபடி குனிந்துகொண்டேன்.

ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருந்ததைப் பிடுங்கி மாற்றிச் செருகியும் பார்த்தேன். சாவியைத் திருப்பி அமுக்கினேன். ஒன்றுமில்லை. மற்ற மூன்று கண்ணாடியும் ஏறி இறங்குகின்றன, இது மட்டும் செத்த மாதிரி. என் கதவில் ஒரு பூட்டுப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் மற்ற கண்ணாடிகள் வேலை செய்யாது, அதுவா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. வண்டியைச் சுற்றி இவரைக் கூட்டிக்கொண்டு வந்து அவருடைய சீட்டில் உட்காரவைத்தேன், கதவு திறந்தபடி, கால் ரெண்டும் வெளியே. கதவின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தட்டினேன். மோட்டார் முழித்துக்கொள்ளும் என்றாரே தாஜுதீன். தட்டி அமுக்கினேன், இன்னும் பலமாகத் தட்டி அமுக்கினேன், மணிக்கட்டு சுள்ளென்றது, முஷ்டியை மடக்கிக் குத்தினேன். கர்ரென்றாவது சொல்லவேண்டாமா. ஸ்விட்ச் போனால் ஒரு ஸ்விட்ச்தான் போகும், ரெண்டு ஸ்விட்சுமா ஒரே நேரத்தில் போகும். அப்படியானால் மோட்டார். மோட்டார் என்றால் கதவைப் பிரிக்கவேண்டும். ஸ்குரு டிரைவரை எடுத்துவந்து கைப்பிடிக்குக் கீழே இருந்த ரெண்டு திருகையும் கழற்றினேன். கதவின் உள்ளட்டையை நெம்பினேன். டப் என்று ஒரு கிளிப் உடைந்தது. தோள் குறுகிக்கொண்டது, பழக்கம். "அதான்! அதான், அதான், அதான்!" இவர் கத்துகிறார். எனக்குத் தெரிந்த அதான் எதுவும் இல்லை இது. பாத்ரூமா என்றேன். தலையை ஆட்டினார், இல்லை. தண்ணியா. இல்லை. கதவின் விளிம்பை இடது கையால் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார், தள்ளினார், இழுத்தார். நான் கதவுக்குள் கையை விட்டு நின்றுகொண்டிருக்கிறேன். "கையி மாட்டிக்குமுங்க, விடுங்க! சின்னப் புள்ளையா நீங்க, கதவை வெச்சு வெளையாடறதுக்கு!" விடவில்லை. இழுக்கிறார், தள்ளுகிறார். முகம் சிவந்துவிட்டது, வாயோரம் எச்சில். மேற்கே ஒரு இடி. நான் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பேசாமல் மழை வரட்டும். சீட்டு நனையட்டும். நாளைக்கு நனைந்த சீட்டில் சாக்கை விரித்து உட்காரவைத்து, முகத்தில் மழை அடிக்க அடிக்க, இவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன். அங்கே கேட்டார்கள் என்று ஆறு லுங்கியில் மார்க்கர் பேனாவால் பேர் எழுதினேனே, ம. மருதாசலம், ம. மருதாசலம், முப்பத்தொரு வருசத்தில் வாயால் ஒரு தடவை சொல்லாத பேரை ஆறு தடவை எழுதினேன், ஆறாவதில் மருதாசலம் என்பதே ஏதோ தெரியாத ஆள் பேர் மாதிரி ஆகிவிட்டது, அந்தத் தெரியாத ஆளைத்தான் நாளைக்கு விடப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டால் சுலபமாக இருந்தது.

கிர்.

சின்னச் சத்தம். நிமிர்ந்தேன். இவர் கதவைப் பாதி திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு, முட்டியால் பொத்தானை அமுக்குகிறார். கண்ணாடியின் விளிம்பு கதவுக்குள்ளிருந்து நகத்தளவு எட்டிப் பார்க்கிறது. "அதான்," என்றார், மூச்சிரைக்க. கதவை ஒரு விரற்கடை நகர்த்தினார், சத்தம் நின்றது. திரும்பக் கொண்டுவந்தார், கிர். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, வயரெல்லாம் அதற்குள்ளேதான் போகிறது. பத்தொன்பது வருசமாகக் கதவு திறந்து மூடித் திறந்து மூடி, உள்ளே ஒரு வயர் ஒடிந்திருக்கிறது. கதவு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்றால் ஒடிந்த முனைகள் தொட்டுக்கொள்கின்றன. அதனால்தான் ரெண்டு வாரமாக இந்தக் கதவின் பூட்டும் தானாக விழவில்லை, நான்தான் சாவியில் பேட்டரி போய்விட்டது என்று விட்டுவிட்டேன். இவர் முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் பாத்ரூமா என்கிறேன், தண்ணியா என்கிறேன். எழுந்து ஓடி என் சீட்டில் உட்கார்ந்து என் பக்கப் பொத்தானை அமுக்கினேன். "நீங்க கதவை ஆட்டுங்க, நான் அமுக்கறேன்!" ஆட்டினார். ஏறியது, நின்றது. "இன்னுங் கொஞ்சம் உள்ள... இல்லீங்க, போயிருச்சு, வெளிய, வெளிய..." ஏறியது. ஒரு விரல், ரெண்டு விரல், ஒரு சாண். முழுசாகப் போய் மேல் விளிம்பில் டக் என்று உட்கார்ந்தது. சாவியை அணைத்தேன். போதும். நாளைக்குப் போய்ச் சேர இது போதும். இனி யாரும் பொத்தானைத் தொடாமல் இருந்தால் சரி.

"போதுமுங்க, ஏறிருச்சு. காலை உள்ள வைங்க, மூடிரலாம்." வைக்கவில்லை. ரப்பர் குழாயைச் சுட்டிக்காட்டினார். நான் வானத்தைச் சுட்டிக்காட்டினேன். மறுபடி குழாயைக் காட்டினார். அரைகுறையாக வேலையை விட இவருக்கு வராது. மில்லில் ஷிப்ட் முடிந்தும் ரெண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருவார், சோறு ஆறிப் போயிருக்கும். அலமாரியிலிருந்து கத்தியும் இன்சுலேஷன் டேப்பும் எடுத்துவந்தேன். குழாயை நெம்பி வெளியே இழுத்தேன். கொத்தாக வயர்கள், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்று ரெண்டாகத் துண்டு விழுந்து, செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. தொடப்போன என் கையைத் தட்டிவிட்டு சாவித் துவாரத்தைக் காட்டினார். சாவியை உருவி அவர் மடியில் வைத்தேன். முனைகளைச் சீவினேன், ரெண்டையும் பக்கம் பக்கமாக வைத்து முறுக்கினேன். பிடித்து இழுத்தார், கழன்று வந்துவிட்டது. மறுபடி முறுக்கினேன். இழுத்தார், கழன்றது. மூன்றாவது தடவை இழுக்கக் கை நீட்டியபோது என் உள்ளே என்னவோ அறுந்தது. "ஒரு கையி போச்சு, ஒரு காலு போச்சு, வாயும் போச்சு. என்னையக் குத்தஞ் சொல்றது மட்டும் போகலையா உங்களுக்கு? முப்பத்தொரு வருசமுங்க. உப்புப் போட்டாக் குத்தம், ஸ்விட்ச்சைப் போட்டாக் குத்தம். நான் எதைத் தொட்டாலும் தப்பு. இப்ப உங்களைத் தொடறது ஆரு? கழுவி விடறது ஆரு? ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, சரியாப் பண்ணிருக்கே வசந்தின்னு சொல்லிருக்கீங்களா?" தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டது, பிறகு போகிற சத்தம். இவர் நீட்டிய கையை மடக்கவில்லை. என்னைப் பார்க்கிறார். திட்டுகிறவரின் கண் எனக்குத் தெரியும், அது இல்லை. வாயைக் கூட்டினார். கழுத்து நரம்பு எழும்பியது. கவின் போட்டோவைப் பார்த்தபோது வியர்த்த மாதிரி வியர்த்தது. எந்த வார்த்தையோ தொண்டை வரைக்கும் வந்து நின்றது, நான் காத்துக்கொண்டு நின்றேன், உண்மையாகவே காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. கையைத் தளர்த்தி வயரின் ரெண்டு முனையையும் என் விரல்களில் வைத்தார். ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காகப் போடவைத்தார். என் கட்டைவிரலைத் தன் கட்டைவிரலால் அழுத்தி, இப்படி, பிறகு இந்தப் பக்கம் இப்படி, என்று காட்டினார். அவர் விரல் சூடாக இருந்தது. முறுக்கினேன். இழுத்துப் பார்த்தார். வரவில்லை. டேப்பைச் சுற்றினேன், குழாயை உள்ளே தள்ளினேன், நெம்பின உள்ளட்டையை அழுத்தி ரெண்டு திருகையும் போட்டேன், அவர் காலை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, அந்தப் பக்கம் போய் என் சீட்டில் உட்கார்ந்து, சாவியை அவர் மடியிலிருந்து எடுத்துத் திருப்பினேன்.

அவரே அமுக்கினார். இறங்கியது. ஏறியது. மூடிய கதவில். மறுபடி இறக்கினார், மறுபடி ஏற்றினார். என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், என்ன பார்த்தாயா என்கிற மாதிரி. அந்தப் பார்வைதான் என்னால் தாங்கமுடியாமல் போய்விட்டது. எதற்காக இந்தக் கண்ணாடி ஏறவேண்டும் என்று தெரியாமல் ஒரு மனுசன் இவ்வளவு பாடுபட்டு அதை ஏற்றியிருக்கிறார். அங்கே போனதும் நான் பேசிக்கறேன் என்றான் கவின். அங்கே போனதும் யார் என்ன பேசினாலும், இன்றைக்கு இந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்து வாயைத் திறக்காதவள் நான்தானே. பேசமுடிகிறவள் நான் ஒருத்திதானே இந்த வண்டியில்.

"ஏனுங்க. நாளைக்குக் கோயமுத்தூர் போறோம்." தலையாட்டினார், டாக்டர் என்று நினைத்துக்கொண்டு. "டாக்டருக்கு இல்லீங்க. அங்க ஒரு எடம் இருக்குது. உங்களை அங்க விட்டுட்டு வரப்போறேன். மூணு மாசம். தெனமும் நடக்கப் பழக்குவாங்க, பேச்சுக்கு ஆளிருக்குது. கவினும் அங்க வந்துருவான். உங்ககிட்டச் சொல்லாமக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன்." ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன், ஓடாத வண்டியில். "என்னால முடியலீங்க. கையெல்லாம் நோகுது. ராத்திரி தூக்கமில்லை. நீங்க விழுந்துருவீங்களோன்னு பயம், நான் விழுந்தா உங்களை ஆரு பாப்பாங்கன்னு பயம். நெசமா முடியலீங்க." இதைச் சொல்ல எட்டு மாதம் ஆகியிருக்கிறது. சொன்னபோது பெரிதாக ஒன்றும் இல்லை, மளிகைச் சாமான் தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில்தான் வந்தது.

இவர் முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி மொட்டை மாடியில் துணிகளை அவசர அவசரமாக வாரிக்கொண்டிருந்தாள். அவள் கடைசித் துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிற வரைக்கும் பார்த்தார். அழுவாரோ, கதவைத் திறந்து இறங்கப் போவாரோ, கத்துவாரோ என்று மூன்றுக்கும் நான் தயாராக இருந்தேன். கையைத் தூக்கினார். ரெண்டு விரல். புரியவில்லை. "ரெண்டு பேரா? ஆமாங்க, நானுங் கவினும்." இல்லை என்று தலையை ஆட்டினார், விரலை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். ரெண்டு. "ரெண்டு மாசமா?" விரலை இறக்கவில்லை. "மூணுன்னுதானுங்க சொல்றாங்க. மூணு இருந்தாத்தான் நடக்க வருமாம்." ரெண்டு. "ஏனுங்க, நாமளா முடிவு பண்ணமுடியுமா..." விரல் அப்படியே நிற்கிறது. மில்லில் போனஸ் பேச்சுக்குப் போகும்போது கூட இப்படித்தான் நின்றிருப்பார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "சரி, ரெண்டு. ஆனா சொன்னபடி எக்சர்சைஸ் பண்ணணும். அங்க இருக்கறவங்களை வெரட்டக்கூடாது. நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன்." பிறகு விரல்களை மடக்கிக் கையை மடியில் வைத்தார்.

கண்ணாடியில் முதல் துளி விழுந்தது, பெரிய துளி. உள்ளே போகலாம் என்று சாவியை உருவினேன். இவர் அசையவில்லை. டேஷ்போர்டில் கிடந்த டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். என் கதவைக் காட்டினார். "என்னுது நல்லாத்தான் ஏறி எறங்குது." கதவின் மூலையைக் காட்டினார், ரப்பர் குழாய் இருக்கிற இடத்தை. அதிகமாகத் திறந்து மூடுகிற கதவு டிரைவர் கதவுதான், இவர் பக்க வயர் ஒடிந்தால் என் பக்க வயரும் ஒடியத்தான் போகிறது. நாளைக்குச் சாயங்காலம் நான் தனியாகத் திரும்பி வரவேண்டும். இதை இவர் அதற்குள் யோசித்துவிட்டாரா, இல்லை, ஒரு கதவைப் பார்த்தால் மறு கதவையும் பார்த்துவிடவேண்டும் என்கிற மில்லுக்காரப் பழக்கமா. கேட்டாலும் சொல்லமாட்டார். பேச்சு இருந்த காலத்திலும் இந்த மாதிரி எதையும் சொன்னவர் இல்லை. இறங்கி, கதவை அகலத் திறந்து, குழாயை வெளியே இழுத்தேன். ஒரு சிவப்பு வயர் தோல் வெடித்துச் செம்பு தெரிய நின்றுகொண்டிருந்தது, ஒடியவில்லை. இவர் உள்ளிருந்து சரிந்து போன் டார்ச்சை நீட்டினார், இந்தத் தடவை வெளிச்சம் நேரே வயர் மேல் விழுந்தது. முதுகில் மழை சொட்டச் சொட்ட, டேப்பின் முனை எங்கே இருக்கிறது என்று நகத்தால் தேடினேன்.